வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க: வேலை செய்யும்போது அடிபட்டவங்களுக்கு

2021ல என் தம்பிக்கு பவர் பிரஸ்ல வலது கை ரெண்டு விரல் போச்சு. கோயமுத்தூர்ல ஒரு சின்ன பட்டறை, மொத்தமே ஆறு பேரு. மூணாவது நாள் ஆஸ்பத்திரிக்கு மொதலாளி வந்தாரு, ஆரஞ்சு பழம், 40,000 ரூபா, கூடவே ஒரு ஸ்டாம்ப் பேப்பர். "பில்லை நானே கட்டிட்டேன் கண்ணு, இதையும் வெச்சுக்கோ, சும்மா ஒரு கையெழுத்து மட்டும்"னு சொன்னாரு. தம்பி மயக்கத்துல இருக்கான், இடது கையில பேனாவைப் புடிக்கப் பாக்குறான். பக்கத்து பெட்ல ஒருத்தரோட சம்சாரம் "ஏனுங்க, படிச்சுப் பாக்காம போடாதீங்க"ன்னு சத்தம் போட்டாங்க. அந்தம்மா யாருன்னு கூட எங்களுக்குத் தெரியாது, ஆனா அவங்க அன்னைக்கு வாயைத் திறக்கலைன்னா நாங்க அந்த 40,000த்தோட வீட்டுக்குப் போயிருப்போம். அதுக்கப்புறம் லேபர் ஆபீஸ் படி ஏறி எறங்கித் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல பதிய வெச்சுக்கங்க. வேலை செய்யும்போது, வேலை காரணமா அடிபட்டா நஷ்டஈடு கொடுக்கறது மொதலாளியோட கடமை, அவர் பெரிய மனசு பண்ணி தர்ற உதவி இல்லை. 1923ல வெள்ளைக்காரன் காலத்துலயே வந்த சட்டம் இது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்னு இருந்ததை 2010ல ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்னு பேர் மாத்துனாங்க, வக்கீலுங்க இன்னமும் பழைய இங்கிலீஷ் பேரை (வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன்) சுருக்கி டபிள்யூ.சி கேஸ்னுதான் சொல்லுவாங்க. 2025 நவம்பர் 21ல இருந்து இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு, ஆனா கணக்குப் போடுற முறை அதேதான். அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்த விபத்துக்குப் பழைய சட்டம்.

இதுல யார் மேல தப்புங்கற கேள்வியே கிடையாதுங்க. "நீ கவனமா இருந்திருக்கணும்", "தூங்கிட்டே ஓட்டிட்டான்"னு எல்லாரும் சொல்லுவாங்க, நம்ம ஆளே கூட "என் தப்புதான்"னு அழுவான். கவனக்குறைவுங்கறதை வெச்சு நஷ்டஈட்டை மறுக்க முடியாது. குடிச்சிருந்தாலோ, கை மாட்டாம இருக்க மெஷின்ல வெச்சிருக்கற தடுப்பை, அதாவது கார்டை, வேணும்னே கழட்டிப் போட்டிருந்தாலோ, பாதுகாப்பு விதியை வேணும்னே மீறியிருந்தாலோதான் மறுக்கலாம். அதுவும் ஆள் செத்துப் போயிட்டாலோ, நிரந்தரமா முழுசா முடங்கிட்டாலோ செல்லாது. எங்க கேஸ்ல கார்டைக் கழட்டச் சொன்னதே பட்டறைக்காரங்கதான், கார்டு இருந்தா ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் குறையும்னு கணக்குப் போட்டு.

இப்ப அடிபட்ட அன்னைக்கு என்ன செய்யணும்னு பாப்போம்.

விரல் துண்டாயிருச்சுன்னா அதை நேரா ஐஸ்ல போடாதீங்க. சுத்தமான துணியை லேசா ஈரமாக்கி விரலை அதுல சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல வெச்சு எடுத்துட்டுப் போகணும். எங்களுக்கு இது தெரியலை, ஐஸ்கிரீம் டப்பாவுல ஐஸோட நேரா போட்டு எடுத்துட்டுப் போனாங்க. எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும், கவர்ன்மென்ட்டோ பிரைவேட்டோ, "போலீஸ் கேஸு, முதல்ல ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பக் கூடாது. உயிரைக் காப்பாத்துற வேலைதான் முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம்னு 1989லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

ஆஸ்பத்திரியில டூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டுச்சு"ன்னு கேட்பார் பாருங்க, உங்க கேஸோட அஸ்திவாரமே அந்த ஒரு நிமிஷம்தான். அவர் எழுதறதுதான் ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர், ஏ.ஆர் காப்பின்னு சொல்லுவாங்க. கூட வந்த சூப்பர்வைசர் முந்திக்கிட்டு "வீட்ல வழுக்கி விழுந்துட்டான்", "பைக்ல இருந்து விழுந்துட்டான்"னு சொல்லிட்டா அதுதான் ரெக்கார்டு, அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு நாம என்ன சொன்னாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பேப்பரைத்தான் தூக்கிக் காட்டுவார். அதனால அடிபட்டவரால பேச முடிஞ்சா அவரே சொல்லட்டும், முடியலைன்னா வீட்டு ஆளுங்க சொல்லுங்க. எந்த ஊர்ல, எந்தப் பட்டறையில, எந்த மெஷின்ல, எத்தனை மணிக்குன்னு சொல்லி, எழுதிட்டாரான்னு கேட்டுக்கங்க. காப்பி வாங்கி வெச்சுக்கங்க.

அடுத்து போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட் கொடுத்து சி.எஸ்.ஆர், அதாவது புகார் வாங்கினதுக்கு அவங்க தர்ற ரசீது, வாங்குங்க. எஃப்.ஐ.ஆர் இல்லைன்னா கேஸே போட முடியாதுன்னு சிலர் பயமுறுத்துவாங்க, அப்படியெல்லாம் இல்லை, இருந்தா பலம், அவ்வளவுதான். ஃபேக்டரின்னு ரெஜிஸ்டர் ஆன இடம்னா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் ஒரு புகார் எழுதுங்க, அவங்க வந்து பாத்து எழுதற அறிக்கை நமக்கு உதவும்.

சின்னப் பட்டறையில வேலை செய்றவங்களுக்குப் பெரிய சிக்கல், வேலை செஞ்சதுக்கே ஆதாரம் இருக்காது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் கிடையாது, சம்பள சிலிப்பும் கிடையாது, வாரா வாரம் சனிக்கிழமை கையில காசு. "இவன் எங்க ஆளே இல்லீங்க, யாரையோ பாக்க வந்தவன்"னு ஒரே வரியில முடிச்சிருவாங்க, எங்ககிட்டயும் அதைத்தான் சொன்னாங்க. நாங்க என்ன பண்ணோம்னா தம்பி போனை எடுத்து உக்காந்தோம். மொதலாளி ஜிபேல அட்வான்ஸ் அனுப்பினது, "நாளைக்கு ஆறு மணிக்கு வந்துரு, லோடு இருக்கு"ன்னு வாட்ஸ்அப் வாய்ஸ், ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வெச்சு எல்லாரும் நின்னு எடுத்த போட்டோ. அந்த பூஜை போட்டோதான் கடைசில ரொம்ப உதவுச்சு, மெஷினும் மொதலாளியும் தம்பியும் ஒரே ஃபிரேம்ல. இதையெல்லாம் அன்னைக்கே வேற ஒரு போனுக்கு அனுப்பி வெச்சுருங்க, பிரின்ட்டும் எடுத்துருங்க. கூட வேலை செய்றவங்க சாட்சி சொல்லப் பயப்படுவாங்க, அவங்க பொழப்பு அங்கதானே, திட்டாதீங்க. வேலையை விட்டுப் போனவங்க யாராவது இருந்தா தேடிப் புடிங்க, அவங்க வருவாங்க.

இதுக்கு நடுவுல ஒரு கேள்விக்குப் பதில் தெரிஞ்சுக்கணும், ஈ.எஸ்.ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, இருக்கா இல்லையா. ஏன்னா ஈ.எஸ்.ஐ இருந்தா ரூட்டே வேற, இந்த டபிள்யூ.சி கேஸ் போட முடியாது. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற இடம், மாசச் சம்பளம் 21,000க்குள்ளன்னா பொதுவா ஈ.எஸ்.ஐ வரணும். சம்பளத்துல 0.75% புடிக்கிறாங்களான்னு பாருங்க, மொதலாளி தன் பங்கா 3.25% கட்டணும். ஈ.எஸ்.ஐ இருந்தா வைத்தியம் அங்கயே ஃப்ரீ, வேலைக்குப் போக முடியாத நாளுக்கு சம்பளத்துல 90% கிட்ட வரும், நிரந்தர ஊனம்னா மெடிக்கல் போர்டு சதவீதம் போட்டு அதுக்கு ஏத்த மாதிரி மாசா மாசம் உயிரோட இருக்கற வரைக்கும் பணம் வரும், வேலை விபத்துல இறந்துட்டா குடும்பத்துக்குப் பணம் போகும். வேலை விபத்துக்கு இத்தனை மாசம் கட்டியிருக்கணும்னு கணக்கே இல்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. மொதலாளி பதிவே பண்ணலைன்னாலும் நேரா ஈ.எஸ்.ஐ ஆபீஸ்ல போய் எழுதிக் கொடுங்க, தொழிலாளிக்குக் கொடுத்துட்டு மொதலாளிகிட்ட வசூல் பண்ற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு. அடிபட்ட பிறகு அவசர அவசரமா ஆன்லைன்ல பதிவு பண்ணி, சேர்ந்த தேதியை மாத்திப் போட்டு கையெழுத்து கேட்டா உண்மையான தேதியை மட்டும் சொல்லுங்க.

ஈ.எஸ்.ஐ இல்லை, எங்களை மாதிரி ஆறு பேர் பட்டறைன்னா இப்பத்தான் கணக்கு.

மூணு விஷயம் வேணும்: மாசச் சம்பளம், வயசு, எத்தனை சதவீதம் சம்பாதிக்கிற சக்தி போச்சு. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 வரைக்கும்தான் எடுப்பாங்க, 2020 ஜனவரில வந்த அறிவிப்பு அது, அதுக்கு முன்னாடி 8,000மாதான் இருந்துச்சு. வயசுக்கு ஒரு எண் சட்டத்துலயே அட்டவணையா இருக்கு, 25 வயசுக்கு 216.91, 30க்கு 207.98, 40க்கு 184.17, 50க்கு 153.09. இறந்துட்டா சம்பளத்துல 50%, நிரந்தர ஊனம்னா 60%, அதை இந்த எண்ணால பெருக்கணும்.

தம்பிக்கு 30 வயசு, சம்பளம் 16,000, ஆனா எடுத்துக்கிறது 15,000. அதுல 60% 9,000. இன்ட்டு 207.98, வர்றது 18,71,820. இது முழுசா முடங்கினா கிடைக்கிறது. ஒரு கையில ரெண்டு விரல் போனா அட்டவணைப்படி 20%, ஆக 3,74,364 ரூபா. அந்த ஸ்டாம்ப் பேப்பர்ல 40,000ன்னு இருந்ததை நினைச்சுப் பாருங்க. அன்னைக்கு நைட் ஆஸ்பத்திரி படிக்கட்டுல உக்காந்து போன் கால்குலேட்டர்ல நாலு தடவை போட்டுப் பாத்தேன், நம்பவே முடியலை. கட்டைவிரல் முழுசா போனா 30%, ஆள்காட்டி விரல் 14%, நடுவிரல் 12%, ஒரு கையில நாலு விரலும் போனா 50%, ஒரு கை 60%. ரெண்டு கையும் போனா, காது சுத்தமா கேக்காமப் போனா 100%.

ஆனா அட்டவணையில இருக்கற சதவீதத்தோட நின்னுறாதீங்க, இதுலதான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. பாக்க வேண்டியது உடம்புல எவ்வளவு போச்சுங்கறது மட்டும் இல்லை, அந்த ஆள் செஞ்சுட்டு இருந்த வேலையை இனிமே செய்ய முடியுமாங்கறதும்தான். ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேல போன கேஸ் ஒண்ணு 1975ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. ஒத்தைக் கையால தச்சு வேலை செய்ய முடியாது, அதனால அவருக்கு 100% இழப்புன்னே சொல்லிட்டாங்க. நஷ்டஈடு கொடுக்க வேண்டிய நாள்ங்கறது அடிபட்ட நாள்தான், கேஸ் முடியற நாள் இல்லைங்கறதும் அதே தீர்ப்புலதான் வந்துச்சு. அதனால லாரி டிரைவருக்குக் கால், டெய்லருக்குக் கண்ணு, தறிக்காரருக்குக் கைன்னு போனா, அந்த வேலையை என்னென்ன அசைவு பண்ணி செய்வீங்க, இப்ப எது முடியலைன்னு டாக்டர்கிட்ட விவரமா சொல்லி சர்டிபிகேட்ல எழுத வைங்க, வெறும் "20% ஊனம்"னு மட்டும் வாங்கிட்டு வராதீங்க.

நிரந்தர ஊனம் இல்லை, எலும்பு முறிஞ்சு நாலு மாசம் வீட்ல இருந்து சரியாயிருச்சுன்னாலும் உண்டு. பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை மாசச் சம்பளத்துல 25%, அதாவது கிட்டத்தட்ட அரைச் சம்பளம். முடங்கிக் கிடந்தது 28 நாள் இல்லை அதுக்கு மேலன்னா அடிபட்ட நாள்ல இருந்தே கணக்கு, குறைவுன்னா முதல் மூணு நாள் கழிச்சு.

ஆஸ்பத்திரி பில் கட்டினதை மொதலாளி நஷ்டஈட்டுல கழிக்கப் பாப்பார், விடாதீங்க. வைத்தியச் செலவு தனி, நஷ்டஈடு தனின்னு சட்டத்துலயே இருக்கு. நீங்க கைக்காசு போட்டு மருந்து வாங்கியிருந்தாலும் அந்தப் பில்லை வெச்சுக் கேக்கலாம், அதனால மெடிக்கல் ஷாப் சீட்டு ஒண்ணைக் கூட தூக்கிப் போடாதீங்க.

ஸ்டாம்ப் பேப்பர் விஷயத்துக்கு வர்றேன். "முழு நஷ்டஈடும் வாங்கிட்டேன், இனிமே எந்த உரிமையும் கோர மாட்டேன்"னு எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் சட்டம் கொடுக்கற உரிமையை அப்படி எழுதி வாங்கிர முடியாது. சமாதானமா முடிக்கறதா இருந்தா அந்த ஒப்பந்தத்தை, நஷ்டஈட்டு மனுவை விசாரிக்கற லேபர் ஆபீஸ் அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், தொகை ரொம்பக் கம்மின்னு தெரிஞ்சா அவரே மறுக்கலாம். ஆள் இறந்துட்ட கேஸ்ல இன்னும் கண்டிப்பு, பணத்தை அதிகாரிகிட்ட டெபாசிட் பண்ணணும், வீட்டுக்கு வந்து பொண்டாட்டி கையில கொடுத்தாலும் அது நஷ்டஈடா கணக்குல வராது. ஏற்கனவே கையெழுத்துப் போட்டவங்க "எல்லாம் போச்சு"ன்னு விட்டுறாதீங்க, அந்தப் பேப்பர் காப்பியோட போய் கேளுங்க. கையெழுத்து வாங்கி வெச்சா கேஸ்ல நம்மளைக் குழப்பறதுக்கு ஆகுமே, அதனாலதான் போடாம இருக்கறது நல்லதுன்னு சொல்றேன்.

மொதலாளிகிட்ட இன்னொண்ணும் கேளுங்க, "டபிள்யூ.சி பாலிசி எடுத்திருக்கீங்களா"ன்னு. நிறைய பேரு எடுத்திருப்பாங்க, அப்ப நஷ்டஈடு இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும், அவர் கைக்காசு போகாது, அது தெரிஞ்சதும் சில பேர் பேச்சே மாறிரும். கேஸ்ல இன்சூரன்ஸ் கம்பெனியையும் ஒரு எதிர்மனுதாரரா சேர்க்கணும், அதுக்காக பாலிசி நம்பர் வேணும்.

கான்ட்ராக்டர் மூலமா போனவங்க, மேஸ்திரி கூட்டிட்டுப் போனவங்க, "மேஸ்திரிகிட்ட கேட்டுக்கோ"ன்னு கம்பெனிக்காரங்க சொல்லுவாங்க. கம்பெனி தன்னோட தொழில் சம்பந்தமான வேலையை கான்ட்ராக்ட்ல விட்டிருந்தா அந்தக் கம்பெனிகிட்டயே நேரா நஷ்டஈடு கேக்கலாம், அப்புறம் அவங்க மேஸ்திரிகிட்ட வாங்கிக்கட்டும். ரெண்டு பேரையும் கேஸ்ல சேருங்க. நம்ம ஊர்ல வேலை செய்ற பீகார், ஒடிசா தம்பிங்களுக்கும் இதே சட்டம்தான், ஊருக்குத் திரும்பிப் போயிட்டா அவங்க குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம். தெரிஞ்சவங்க அவங்ககிட்ட தயவுசெஞ்சு இதைச் சொல்லுங்க, அடிபட்டதும் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பி வெச்சிர்றாங்க, என் கண்ணால பாத்திருக்கேன்.

வேலைக்குப் போற வழியில அடிபட்டா? மகாராஷ்டிராவுல ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேன் அதிகாலை ஷிப்ட்டுக்கு பைக்ல போறப்ப இறந்துட்டார், 2003ல நடந்தது. 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் அந்தக் குடும்பத்துக்கு சாதகமா சொல்லுச்சு, வீட்டுல இருந்து வேலைக்குப் போற, வர்ற வழி விபத்தும் வேலைக்கும் அதுக்கும் தொடர்பு இருந்தா சேரும்னு. புதுச் சட்டத் தொகுப்புலயும் இது எழுதியே இருக்கு. ஆனா ரோட்டு விபத்துன்னா மோட்டார் வாகனச் சட்டத்துல எம்.சி.ஓ.பி, அதாவது வாகன விபத்து நஷ்டஈட்டு மனு, போடலாம், இல்லை இந்தச் சட்டத்துல போடலாம், ரெண்டுல ஒண்ணுதான். எதுல அதிகம் வரும்னு வக்கீல்கிட்ட கணக்குக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, ஒண்ணுல மனு போட்டுட்டு அப்புறம் யோசிக்காதீங்க.

மில்லுல பஞ்சு தூசியால நுரையீரல் கெட்டுப் போனது, கல் குவாரில சிலிக்கா, சத்தத்துல காது போனது, இதெல்லாம் தொழில் நோய், விபத்து மாதிரியே நஷ்டஈடு உண்டு. டாக்டர்கிட்ட எத்தனை வருஷம் எங்க வேலை செஞ்சேன்னு முதல்லயே சொல்லுங்க.

மனு போடறது தொழிலாளர் துணை ஆணையர் ஆபீஸ்ல, லேபர் கோர்ட்ல இல்லை, ரெண்டும் வேற. கலெக்டர் ஆபீஸ்ல கேட்டா உங்க மாவட்டத்துக்கு எந்த ஊர்ல இருக்குன்னு சொல்லுவாங்க. விபத்து நடந்த ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுருங்க. தாமதமானா சரியான காரணம் சொல்லிக் கேக்கலாம், ஆனா அந்தத் தலைவலி எதுக்கு. அதுக்கு முன்னாடியே மொதலாளிக்கு எழுத்துல ஒரு நோட்டீஸ், பதிவுத் தபால்ல, எப்ப, எங்க, எப்படி அடிபட்டுச்சுன்னு, அக்னாலெட்ஜ்மென்ட் கார்டோட. சட்டப்படி மூணு மாசத்துல முடிக்கப் பாக்கணும், நடைமுறையில அப்படி நடக்கறதில்லை, எங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. மொதலாளி வரலை, அவர் வக்கீல் வரலை, டாக்டர் வரலை, இன்சூரன்ஸ்காரர் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தம்பி லீவு போட்டுப் போவான், கையை பாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டே உக்காந்திருப்பான். சோர்ந்து போய் பாதியில விட்டுறாதீங்க. பழைய சட்டத்துல கொடுக்க வேண்டிய ஒரு மாசத்துக்குள்ள கொடுக்கலைன்னா வருஷத்துக்கு 12% வட்டி, நியாயமான காரணம் இல்லாம இழுத்தடிச்சா 50% வரைக்கும் அபராதம். தம்பி கேஸ்ல வட்டி மட்டும் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 45,000, அவர் ஆரஞ்சுப் பழத்தோட கொண்டு வந்ததை விட அதிகம். வட்டியை மனுவுலயே கேட்டு எழுதணும், மறந்துறாதீங்க. மொதலாளி ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகணும்னா கூட முழுத் தொகையையும் முதல்ல டெபாசிட் பண்ணிட்டுத்தான் போக முடியும். தீர்ப்பு வந்தும் கட்டலைன்னா நிலவரி பாக்கி மாதிரி ஜப்தி பண்ணி வசூலிக்கலாம். உங்களுக்கு வர்ற நஷ்டஈட்டுப் பணத்தை உங்க கடன்காரங்க யாரும் ஜப்தி பண்ண முடியாது.

வக்கீல் ஃபீஸ் பத்தி ஒரு வார்த்தை. வர்றதுல இத்தனை பங்கு வேணும்னு கேட்கறவங்க இருக்காங்க, ஆஸ்பத்திரி வாசல்லயே ஏஜென்ட் வந்து வக்காலத்துல கையெழுத்து வாங்குவாங்க, அவசரப்படாதீங்க. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒவ்வொரு மாவட்டக் கோர்ட் வளாகத்துலயும் இருக்கு. பெண்கள், எஸ்.சி, எஸ்.டி, மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளிகள் இவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் கொடுப்பாங்க, 15100க்கு போன் பண்ணினாலும் வழி சொல்லுவாங்க. கட்டட வேலைக்காரங்க நலவாரியத்துல பதிவு பண்ணியிருந்தா அந்த உதவித்தொகை தனியா கேளுங்க, அதை வாங்கினதால இந்த நஷ்டஈடு குறையாது. பதிவு பண்ணாதவங்க இந்த வாரமே பண்ணிருங்க, பண்ணினவங்க புதுப்பிச்சிருக்கான்னு கார்டை எடுத்துப் பாருங்க.

முதல் தடவை லேபர் ஆபீஸ் போறப்ப ஏ.ஆர் காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, சி.எஸ்.ஆர், ஆதார், வயசுக்கு ஸ்கூல் டி.சி, பேங்க் பாஸ்புக், ஜிபே பிரின்ட், போட்டோ, மருந்துச் சீட்டு எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒரே கவர்ல போட்டுக்கங்க. இறந்தவங்களுக்குன்னா வாரிசு சர்டிபிகேட், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ். வாரிசு சர்டிபிகேட்டுக்குத் தாலுகா ஆபீஸ்ல நாள் ஆகும், அதனால அதுக்குத்தான் முதல்ல எழுதிப் போடணும். ஒரிஜினல் எதையும் யார் கேட்டாலும், வக்கீலே கேட்டாலும், ஜெராக்ஸ் எடுக்காம கையில கொடுத்துறாதீங்க.